மடித்து வைத்த கூரைத் துணி

துணிக்குக் கீழே ஒரு காகிதத்தில் மையால் நம் பெயரை எழுதி வைப்பார்கள். மேலே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுவார்கள். மை கலையாமல் இருந்தால் தேர்ச்சி. அம்மு இதைச் சொன்னபோது, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

அம்மு எங்களுக்கு அடுத்த வீடு. ஏழாவது வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. பிறகு வீட்டில் என் படிப்பை நிறுத்திவிட்டார்கள், அவள் தொடர்ந்து போனாள். அவள் பள்ளியில் சாரணியர் கைடு படைப் பெண்கள் ஜனவரி மாதக் கடைசியில் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய் மூன்று நாள் தங்கப் போகிறார்கள். படிப்பை விட்ட பெண்களும் வரலாம். ஆனால் தலைக்கு மேல் போடும் துணியும் சமைக்கிற அடுப்பும் அவரவர் கையால் செய்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்கியது செல்லாது.

"வர்றியாடி?" என்றாள் அம்மு, மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

"எங்க வூட்ல வுட மாட்டாங்க."

"மொதல்ல பாஸ் பண்ணு. அப்பால கேளு. பாஸான பொண்ண வேணாம்னு சொல்றதுக்கு அவங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும்."

ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடல் பத்து நிமிட நடை. இரண்டு வருடத்தில் நான் போன தூரமெல்லாம் வண்ணாரப்பேட்டைச் சின்னம்மா வீடு, அதுவும் திரை கட்டிய ஜட்கா குதிரைவண்டியில். மாடியில் நின்றால் கடல் சத்தம் கேட்கும், கப்பல் புகை தெரியும். எண்ணூரில் இந்தப் பக்கம் கடலும் அந்தப் பக்கம் உப்பங்கழியும் இருக்குமாம், நடுவில் மணலில் படுக்கலாமாம். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு வேறு யோசனையே இல்லை.

அடுப்பை முதலில் செய்தேன். பெரிய பால்பவுடர் டின் ஒன்று எடுத்து, அடியைச் சுற்றி ஆணியால் துளை போட்டேன். அம்மா பகலில் அசரும் அரைமணி நேரம்தான் எனக்கு. தேங்காய் நாரை உருகிய மெழுகுவத்தியில் முக்கி உருட்டி வைத்துக்கொண்டேன். கடல்காற்றில் இரண்டே குச்சியில் தீ பிடிக்க வேண்டும் என்பது விதி. நடந்ததையெல்லாம் பழைய பூகோள நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வந்தேன். முதல் தடவை: புகை மட்டும். இரண்டாம் தடவை: துளைகளைக் காற்று வரும் பக்கம் திருப்பினேன், நார் எரிந்தது, சுள்ளி எரியவில்லை. நான்காம் தடவை: தண்ணீர் கொதித்தது, இடது புருவத்தில் பாதி போனது.

"மூஞ்சில இன்னாடி?" என்றார் அம்மா.

"அடுப்பு ஊதினேம்மா." பொய் இல்லை.

அடுத்தது துணி. அத்தா, அதாவது என் அப்பா, துறைமுகத்தில் தார்ப்பாய் தைக்கிறவர். கப்பல் சரக்கையும் கூட்ஸ் வண்டியையும் மூடுகிற பெரிய துணிகள். நேரமில்லாதபோது வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவார். ஒரு விளிம்பை இன்னொரு விளிம்புக்குள் மடித்து இரண்டு வரி தைத்தால் தையல் வழியாகத் தண்ணீர் போகாது என்பதை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே நான் தெரிந்துகொண்டிருந்தேன். அம்முவின் மாமா வேலை செய்யும் ரஸ்க் கம்பெனியிலிருந்து நாலு மைதா மூட்டைத் துணி வந்தது. அதை அப்படித் தைத்தேன். கதவுக்குப் பூச அத்தா வாங்கி வைத்திருந்த ஆளிவிதை எண்ணெயில் மெழுகைக் கரைத்து இரண்டு பக்கமும் தேய்த்தேன்.

அது காய்கிற வழியாக இல்லை. மாடிக் கொடியில் போட்டால் தெருவே பார்க்கும். அம்மா தூங்கும் அரைமணி போட்டுவிட்டு, எழுவதற்குள் எடுத்து எட்டாக மடித்து, மரப்பெட்டியில் பஞ்சு ரஜாய்ப் போர்வைக்கு அடியில் திணித்து வைப்பேன். அத்தாவிடம் நான் கேட்டிருந்தால் எப்படிக் காயவைப்பது என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார். கேட்க முடியாமல்தானே ஒளித்து வைத்தேன்.

புதன்கிழமை மதியம், சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது வறுத்த எண்ணெய் மாதிரி ஒரு நாற்றம். பெட்டியின் மூடி கையில் சுட்டது. திறந்ததும் புகை. மேலே இருந்த ரஜாயைத் தூக்கி முற்றத்தில் எறிந்து அம்மா தண்ணீர் ஊற்றினார். என் துணி, மடிப்புகள் கூடும் மூலையில் கறுத்துப் பொரிந்து, தொட்ட இடம் உதிர்ந்தது. பிரித்தால் சரியாக மத்தியில் தாம்பாளம் அளவுக்கு ஒரு ஓட்டை. பக்கத்தில் இருந்த அம்மாவின் வெள்ளைத் துப்பட்டி, வெளியில் போகும்போது போர்த்துகிற ஒரே துப்பட்டி, ஒரு மூலை முழுக்கப் பழுப்பாகிவிட்டது.

"பெட்டிக்குள்ள நெருப்பு வச்சியா?"

"இல்லம்மா. நான் நெருப்பே வைக்கல."

"தானா எரிஞ்சிச்சா, ஜின்னு வந்து வச்சிச்சா?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், எண்ணூர் உட்பட. அம்மா ரஜாயைப் பிழிந்து போட்டார்.

அத்தா சாயங்காலம் வாசல்படி ஏறும்போதே மூக்கை உறிஞ்சினார். "எண்ணெத் துணிய யாரு மடிச்சது?"

அம்மா என்னைக் காட்டினார். அத்தா துணியை விளக்கடியில் விரித்து ஓட்டையைப் பார்த்தார். பிறகு ஓட்டையை விட்டுவிட்டுத் தையலைப் பார்த்தார். கட்டைவிரலால் இரண்டு வரியையும் கடைசிவரை தடவினார்.

"எண்ணெ காயறப்போ சூடு புடிக்கும். மடிச்சா அந்த சூடு வெளிய போவாது. தொங்கப் போட்டுத்தான் காய வைக்கணும். ஒரு வாரம் ஆவும். எங்க கொட்டாய்ல புதுசா வர்றவனுக்கு மொத நாள் இதத்தான் சொல்லுவோம்." துணியை விட்டு நிமிர்ந்து, "வூடு எரிஞ்சிருக்கும், தெரியுமா," என்றார்.

"தெரியாது அத்தா."

"எதுக்குத் தச்ச?"

அம்மாதான் சொன்னார். "எண்ணூருக்குப் போவணுமாம். மூணு நாளு. பொண்ணுங்க மட்டுமாம்." அதை எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. குறை சொல்லும் குரல் இல்லை.

அத்தா சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் துணியைக் காணோம். தூக்கிப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். வாசல் பக்கம் பேச்சு கேட்டு ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். எங்கள் கதவிலிருந்து எதிர்வீட்டு விளக்குக் கம்பம் வரை கயிறு கட்டி, தெரு நடுவில் என் துணி தொங்கிக்கொண்டிருந்தது, ஓட்டையோடு. எதிர்வீட்டு சுப்புராயன், பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் வேலை பார்க்கிறவர், சைக்கிளோடு குனிந்து அதற்கடியில் நுழைந்தார்.

"இன்னா பாய், தெருவுக்கே பாய்மரம் கட்டிகினுகீற? கப்பல் எப்ப கெளம்புது?"

"காயட்டும் நைனா. நாலு நாளு குனிஞ்சி போ."

"உன் கைத் தையலா? நடுவுல எலி கடிச்சிகீது."

"என் பொண்ணு தச்சது," என்றார் அத்தா. "தையல் பாரு, ஓட்டையப் பாக்காத."

நான் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன். முகம் சுட்டது. உள்ளே அம்மா துப்பட்டியின் பழுப்பு மூலையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். "இது எப்டியும் கெட்டுப்போச்சி. ரெட்டையா மடிச்சி ஒட்டுப் போடு," என்று என் மடியில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை, ஒட்டுக்கு எண்ணெய் பூசிக் காயவைக்க நாள் இல்லை. மெழுகை மட்டும் தேய்த்து, தணல் போட்ட பித்தளைச் செம்பால் அழுத்தினேன். சனிக்கிழமை விடியலில் பனி இறங்கியிருந்தது. துணி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. கயிறு உரசுகிற நடு இடத்தில் மட்டும், ஒட்டுக்குக் கீழே, தரை ஈரமாக இருந்தது. ஓட்டை சரியாக மத்தியில் விழுந்திருந்ததால் ஒட்டு கயிற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அங்கே மெழுகு வெடித்துவிட்டது. மறுபடி மெழுகு தேய்த்தேன். ஆனால் கயிறு பட்டால் மறுபடி வெடிக்கும் என்று தெரிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அத்தாவே என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். ஆண்கள் உள்ளே போகக்கூடாது என்பதால் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். பத்துப் பன்னிரண்டு பெண்கள். எல்லோரையும் எனக்குத் தெரியும், ஒருத்தியிடமும் எனக்குப் பேச்சு வரவில்லை.

அடுப்பு முதல் குச்சியிலேயே பிடித்தது. பிறகு துணி. இரண்டு கம்பத்துக்கு நடுவில் கயிறு கட்டி, எல்லோரும் இரண்டு பக்கமும் சமமாக வரும்படி துணியைப் போட்டார்கள். நான் ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் இழுத்துப் போட்டேன். ஒட்டு கயிற்றை விட்டு நகர்ந்து, நீளப் பக்கத்துச் சரிவில் வந்து நின்றது. அந்தப் பக்கத்தை விறைப்பாக இழுத்து முளை அடித்தேன்.

"இன்னாடி இது, நொண்டிக் கொட்டா," என்றது ஒரு குரல். சிரித்தார்கள்.

"சமமாப் போடணும்னு யாரு சொன்னா? நீ உன்துல ஒழுவாம பாத்துக்கோ," என்றாள் அம்மு.

கைடு படையை நடத்தும் தேவப்பிரியம் டீச்சர் காகிதத்தில் 'சாபிரா, தகப்பனார் ஹபீபுல்லா' என்று எழுதி, கூரைக்கடியில் தரைக்குச் சரியாக நடுவில் வைத்தார். ஸ்டூல் மேல் ஏறி வாளியைக் கவிழ்த்தார்.

நான் கீழே குனிந்து ஒட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் ஓரத்தில் ஒரு துளி பிதுங்கியது. பருத்தது. விழாமல், துணியின் அடிப்பக்கத்தை ஒட்டியே சரிவில் நகர்ந்தது. காகிதத்தைத் தாண்டி இரண்டு விரல் தள்ளி மணலில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதே வழியில்.

டீச்சர் காகிதத்தை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். "ஒழுகுது," என்றார். "ஆனா மை கலையல. விதி மையைப் பத்திதான்." அதை எடுத்துக்கொண்டு நேராக வாயிலுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

"சாபிரா பாஸ். உங்க சம்மதம் வேணும்."

அத்தா கம்பி வழியாகக் காகிதத்தை வாங்கினார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். உதடு அசைந்தது. தன் பெயர் வந்த இடத்தில் நின்றது.

"ராத்திரிக்குக் காவல் யாரு?"

"நானும் இன்னும் ரெண்டு டீச்சரும். பக்கத்துல கத்திவாக்கம் மீன்காரங்க வீடுங்க இருக்கு, சொல்லி வச்சிருக்கோம்."

"ஆம்பளைங்க?"

"கிட்ட வரமாட்டாங்க."

அத்தா உள்ளே எட்டி என் துணியைப் பார்த்தார். காற்றில் அது படபடத்தது. "கழிமுகத்துக் காத்துக்கு அந்தக் கயிறு நிக்காது. நாளைக்குக் கொட்டாய்லேர்ந்து நல்ல கயிறாக் கொண்டாறேன்."

"வாங்கினது செல்லாதுங்க. இது பள்ளிக்கூடத்துக் கயிறு, அங்க கட்டுறதையும் அவளே திரிக்கணும்."

"அப்டியா." அத்தா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு நடந்தோம். தெருமுனையில், தேங்காய் மண்டி வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாரு எவ்ளோ வாங்கணும்?" என்றார்.