சிவலட்சுமியின் கையெழுத்து நின்ற இடம்

உடையார்கட்டுச் சிவலட்சுமியின் கையெழுத்து காகிதத்தில் தங்காது. வைத்த கையோடு ஓடிவிடும் என்றில்லை. மை காயும் வரைக்கும் மரியாதைக்கு நின்றுவிட்டு, பிறகு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துவிடும். பக்கத்து வங்கியில் வைத்தால் பின்னேரம் வந்து சேரும், முல்லைத்தீவில் வைத்தால் மறுநாள். கலியாணப் பதிவில் வைத்தது, மாப்பிள்ளை மாயாண்டி மாலையைக் கழற்றுவதற்கு முன்பே அடுப்படிக் குசினிச் சுவரில் ஏறியிருந்தது. பரந்தன் வீதியில் பஸ் ஓட்டுகிறவர்கள் உடையார்கட்டு வளைவில் வேகத்தைக் குறைப்பது இதனால்தான். வெளியூர்ச் சாரதி ஒருவர் விஷயம் தெரியாமல் ஒருமுறை நடந்து வந்த கையெழுத்தின் மேலே ஏற்றிவிட்டார். 'சி'யின் மேற்சுழி கொஞ்சம் நசுங்கியதே தவிர வேறு சேதமில்லை. மாயாண்டி சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது கையெழுத்துகள் எல்லாம் கீழே இறங்கி ஒதுங்கி நிற்கும். சுவர் காய்ந்ததும் அவரவர் இடத்தில் ஏறிக்கொள்ளும்.

காணி விஷயம் இல்லாவிட்டால் இது ஊருக்குச் சிரிப்புக் கதையாகவே இருந்திருக்கும். சிவலட்சுமியின் தகப்பன் சுடலைமுத்து, எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே காடு வெட்டிய மூன்று ஏக்கர் அது. அவர் போன பிறகு சிவலட்சுமி விதைத்தாள். சண்டையில் எல்லாரையும் போல ஓடி, எல்லாரையும் போலத் திரும்பி வந்து, ஆளுயரப் பற்றையை வெட்டி மறுபடியும் விதைத்தாள். ஆனால் காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. நான்கு தடவை விண்ணப்பித்தாள். நான்கு தடவையும் 'விண்ணப்பதாரி கையொப்பமிடவில்லை' என்று திரும்பி வந்தது. கடைசித் தடவை அவள் காணி அலுவலகத்துக்கே போய்க் கத்தினாள்.

"உங்கட கண்ணுக்கு முன்னாலதானே ஐயா வைச்சனான். அது எழும்பிப் போறதுக்கு நான் என்ன செய்ய?"

அங்கிருந்தவர் நல்ல மனிதர். 'கையொப்பம் வெளியே சென்றுள்ளது' என்று அவளுடைய விண்ணப்பக் கோவையில் குறித்துக்கொண்டார். ஆனால் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று கையை விரித்தார்.

இதற்குள் அரிசி ஆலை நடராசாவுக்கு அந்தக் காணியில் கண் விழுந்துவிட்டது. வீதியோரம், குளத்துத் தண்ணீர், யாருக்குத்தான் ஆசை வராது? அவருக்கு வழி செய்து கொடுத்தது ஊர் வழக்கம்தான். எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் போகத் தொடக்கத்தில் எல்லாரும் வெறும் தாள்களின் அடியில் கையெழுத்து வைத்துச் செயலாளர் சுதாகரனிடம் கொடுத்துவிடுவார்கள். உரத்துக்கும் தண்ணீர் முறைக்கும் ஒவ்வொரு முறையும் சேற்றிலிருந்து ஏறி வந்து கையெழுத்துப் போட யாருக்கு நேரம்? மேலே வேண்டியதைச் சுதாகரன் எழுதிக்கொள்வான். இத்தனை வருடத்தில் ஒரு பிசகும் வந்ததில்லை, ஆகவே இனியும் வராது என்று நம்பினோம். அப்படியொரு தாளைத்தான் அவன் நடராசாவிடம் கொடுத்தான். நாற்பது பேரின் கையெழுத்துக்கு மேலே, இந்த மூன்று ஏக்கரையும் நடராசாவே நெடுங்காலமாகச் செய்கை பண்ணி வருவதை நாம் அறிவோம் என்று அச்சடித்தாயிற்று. சிவலட்சுமியின் பெயர் மட்டும் அதில் இல்லை. அது அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

செய்தி தெரிந்ததும் ஊரில் ஒருவராலும் சிவலட்சுமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூட்டமாக ஆலைக்குப் போய்ச் சண்டை பிடித்தார்கள். நடராசா கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

"உங்கட கையெழுத்தோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"எங்கட கையெழுத்துத்தான்."

"பிறகென்ன? போய் வேலையைப் பாருங்கோ."

காணிக் கச்சேரி, அதாவது யாருக்கு எந்தக் காணி என்று விசாரித்து முடிவு சொல்லும் நாள், தைப்பொங்கல் கழிந்த கிழமைக்கு வைத்திருந்தார்கள். அதற்குள் ஒப்பமிட்ட விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் காணி நடராசாவுக்கு. வயலில் நெல், கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றது. விளைந்தால் யார் அறுப்பது என்று தெரியாமலே சிவலட்சுமி அதற்குத் தண்ணீர் கட்டினாள்.

சந்தியில் போன், கொம்பியூட்டர் வேலை செய்து கொடுக்கும் கொமியூனிகேசன் கடை வைத்திருக்கும் கிருசாந்திதான் ஒருநாள் வயலுக்கே வந்தாள். அந்த வருடத்திலிருந்து விண்ணப்பங்களை மின்கையொப்பத்தோடும் அனுப்பலாம் என்று அறிவித்தல் வந்திருந்தது. அதை வாசித்ததும் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"அக்கா, உங்கட கையெழுத்தில பிழையில்லை. காகிதத்திலதான் பிழை. ஒப்பம் வைச்ச பிறகும் அதுக்கு மேல ஆரும் என்னத்தையும் எழுதலாம். அதுக்கு அது தெரிஞ்சிருக்கு, நிக்க மாட்டனெண்டு போகுது."

"கொம்பியூட்டரில மட்டும் நிக்குமோ, பிள்ளை?"

"அதில நீங்கள் ஒப்பம் வைச்ச உடன முழு எழுத்தையும் சேர்த்துப் பூட்டிப் போடும். பூட்டுற திறப்பு உங்களிட்ட மட்டும்தான். பூட்டு சரியோ எண்டு ஆரும் பார்க்கலாம், ஆனால் ஒரு புள்ளியை மாத்தினாலும் காட்டிக் கொடுத்துப் போடும்."

கிருசாந்தி அடையாள அட்டையைப் படம்பிடித்து, சிவலட்சுமியைக் கமராவுக்கு முன்னால் இருத்தி, இன்ன ஆள்தான் என்று கொழும்பில் உள்ளவர்களுக்கு நிரூபித்து முடிக்கக் கொஞ்ச நாள் எடுத்தது. அந்தத் திறப்பு, அதாவது சாவி, என்று வந்தது சுண்டுவிரல் அளவில் ஒரு பென்ட்ரைவ். சிவலட்சுமி அதைத் தாலிக்கொடியில் கோர்த்துக்கொண்டாள். அதற்கு ஒரு இரகசிய இலக்கமும் உண்டு. எங்கள் ஊரில் வங்கி அட்டையின் இலக்கத்தைக் கடைக்காரரிடம் உரத்துச் சொல்லித்தான் பழக்கம். இவளும் வாயைத் திறந்தாள். கிருசாந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே போய் வீதியில் நின்றுவிட்டாள்.

"எனக்கும் சொல்லாதேங்கோ அக்கா! நீங்களே அடியுங்கோ!"

சிவலட்சுமி தானே அடித்தாள். திரையில் விரலால் பெயரை எழுதினாள். கையெழுத்து வழக்கம்போல எழும்பியது. ஆவணத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தது. மேலே போய் முதல் வரியைப் பார்த்தது, ஓரங்களைத் தட்டிப் பார்த்தது, எங்கேயும் இடைவெளி இல்லை என்று கண்டதும் திரும்பி வந்து தன் இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தது. பொழுது சாயும் வரை இருவரும் காவல் இருந்தார்கள். அது அசையவில்லை. சிவலட்சுமி கடைக் கதிரையில் இருந்து வாய்விட்டு அழுதாள், கிருசாந்தியும் அழுதாள். பிறகு இருவரும் சோடா குடித்தார்கள்.

விண்ணப்பத்துக்குக் கமக்காரர் அமைப்பின் சிபாரிசும் இருந்தால் நல்லது என்று கிருசாந்தி ஒரு பிரதியைச் சுதாகரனுக்கு ஈமெயிலில் அனுப்பினாள். அவன் அதை ஆலைக்குக் கொண்டுபோனான். நடராசா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, மூன்று ஏக்கர் என்றிருந்ததை அரை ஏக்கர் என்று மாற்றினான். மாற்றிச் சேமித்த உடனே திரையின் தலைப்பில் சிவப்புப் பட்டி விழுந்தது: ஒப்பமிட்ட பின் இந்த ஆவணம் மாற்றப்பட்டுள்ளது. கையெழுத்து லப்டொப்பிலிருந்து மேசைக்கு இறங்கியது. சுதாகரன் பதறிப்போய் அரையை மறுபடி மூன்றாக்கிப் பார்த்தான், பட்டி போகவில்லை. மேசையில் நடராசாவின் அந்தத் தாள் கிடந்தது. சிவலட்சுமியின் கையெழுத்து அதில் ஏறி, நாற்பது கையெழுத்துகளுக்கும் நடுவில் சிறிது நேரம் நின்றது. என்ன கதைத்ததென்று தெரியாது. பிறகு யன்னலால் இறங்கி வீட்டுக்குப் போனது. குசினிச் சுவரில் அதைக் கண்டதும் சிவலட்சுமி கிருசாந்தியிடம் ஓடினாள். கிருசாந்தி உடனே கொம்பியூட்டரைத் திறந்தாள். தன்னிடமிருந்த, கை படாத மூலத்தை நேரே காணி அலுவலகத்துக்கு அனுப்பினாள். அதிலிருந்த கையெழுத்து ஆடாமல் அசையாமல் இருந்தது.

கச்சேரி நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. நடராசா சால்வை போட்டு வந்து, கோவையைத் திறந்து தாளை மேசையில் வைத்தார். காணி அலுவலரான அம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதில ஒருத்தரும் ஒப்பம் வைக்கேல்லையே, ஐயா."

"விடிய பார்க்கேக்க இருந்ததே!" என்றார் நடராசா. அவருடைய குரல் அப்படிக் கீச்சிட்டதை ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. அலுவலர் சிவலட்சுமியின் விண்ணப்பத்தைத் திரையில் திறந்தார். பச்சை அடையாளம் விழுந்தது. கையொப்பம் செல்லுபடியானது, ஒப்பமிட்ட பின் மாற்றமில்லை என்று அவர் உரத்து வாசித்தார். மூன்று ஏக்கரும் சிவலட்சுமிக்கு என்று அந்த இடத்திலேயே எழுதினார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். சிவலட்சுமி கைதட்டவில்லை, தாலிக்கொடியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

எல்லாரும் பஸ்ஸில் திரும்பும்போது சாரதி வழமைபோல வளைவில் வேகத்தைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டார். நாற்பது கையெழுத்துகள் எறும்பு வரிசையாக வீதியோரம் நடந்துகொண்டிருந்தன. ஆட்கள் இறங்கி ஓடிப்போய்த் தங்கள் தங்கள் கையெழுத்தைக் கண்டுபிடித்தார்கள். கமலாசனி தன்னுடையதை முந்தானையில் ஏந்திக்கொண்டாள். வரிசையின் கடைசியில் சுதாகரனுடையதும் வந்தது. அவன் குனிந்து அதைத் தூக்கிக்கொண்டான். அன்றிலிருந்து எங்கள் ஊரில் வெறும் தாளில் எவருடைய கையெழுத்தும் தங்குவதில்லை. கிருசாந்தியின் கடையில் கூட்டம், சந்தியில் சைக்கிள் நிறுத்த இடமில்லை.

சிவலட்சுமி தன் நெல்லைத் தானே அறுத்தாள். சூடடித்து முடித்த கிழமை நில அளவையாளர் எல்லைக் கற்களோடு வந்தார். திரும்பி வந்த நான்கு விண்ணப்பங்களிலிருந்து இறங்கி வந்த பழைய கையெழுத்துகள் நான்கும் அன்று காலை குசினிச் சுவரில் இல்லை. அவை வயலின் நான்கு மூலைகளிலும், மண்ணில் முழங்கால் அளவு இறங்கி நின்றன. அளவையாளர் சங்கிலியைப் பிடித்து ஒவ்வொரு பக்கமாக அளந்தார். சரியாக இருந்தது. கற்களை மறுபடி உழவு இயந்திரத்தில் ஏற்றச் சொல்லிவிட்டு, சிவலட்சுமி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.