சாட்சி நேரம்

மூன்றே வார்த்தை. எழுந்து நின்று ‘கர்த்தர் சுகம் தந்தார்’ என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் கிளறப் போவதில்லை. அதைக்கூடவா என்னால் சொல்ல முடியவில்லை?

வெள்ளைச் சேலையின் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெரூஷா பாயில் உட்கார்ந்திருந்தாள். பீர்க்கன்கரணை சபையில் அன்று சாட்சி ஞாயிறு. இங்கே நகை கூடாது, டிவி கூடாது, மருந்து கூடவே கூடாது. யூடியூப் மட்டும் கூடும், ஊழியத்துக்காம்.

மகன் ஜோஸ்வினுக்கு இளைப்பு வந்தால் ஜெபம்தான் வைத்தியம். ஒரு நாள் பிள்ளைக்கு விலா உள்வாங்கியபோது அவள் போனில் தேடினாள். முதலில் வந்தது இதே சபையின் வீடியோ. இன்ஹேலரைத் தூக்கி எறிந்தேன், பிள்ளை பிழைத்தான் என்று ஒரு தாய் மைக்கில் அழுதாள். கீழே, கீழ்க்கட்டளை ஞானஜோதி என்று ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘இதைப் பார்த்து நானும் எறிந்தேன். என் பையன் இன்று இல்லை.’ தன் போன் எண்ணையும் போட்டிருந்தாள். ஜெரூஷா உடனே அந்த எண்ணுக்கு அழைத்தாள்.

“எங்கிட்ட பேசினு நிக்காத, ஆட்டோ புடி. ஆஸ்பத்திரிக்குப் போ,” என்றாள் ஞானஜோதி.

சாயங்காலம் பார்த்தபோது அந்த வரிகளை அழித்திருந்தார்கள். ஆனால் அதற்குள் ஜோஸ்வின் மூச்சு சீராகித் தூங்கிக்கொண்டிருந்தான். சபையை விட்டு விலகியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஜெரூஷாவும் சேர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த இன்ஹேலரைத் தன் நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்தாள். வீட்டில் கணவன் ஜெபசீலன் தொடாத ஒரே இடம் அது.

“சகோதரி ஜெரூஷா!” பாஸ்டர் எலியேசர் மேடையிலிருந்து அழைத்தார். “பையன் இப்ப வீசிங் இல்லாம ஓடியாடுறான்ல? வந்து சொல்லுங்கம்மா. லைவ்ல எத்தனை தாய்மாருங்க பாக்குறாங்க!”

கேமரா பெண்கள் பக்கம் திரும்பியது.

“வெக்கமாம்,” என்றாள் பக்கத்தில் ரத்தினபாய். “போன்ல மட்டும் மணிக்கணக்கா பேசத் தெரியுது.” இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

ஜெபசீலனே மைக்கை எடுத்து வந்து நீட்டினான். “ஏந்திரி ஜெரூ. மானத்த வாங்காத.”

சொல்லாவிட்டால் கேள்வி வரும். வீட்டில் அலமாரியைப் புரட்டிப் போடுவார்கள். வெளியே போ என்பார்கள். ஆனால் எங்கோ ஒரு வீட்டில், பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ஒருத்தி இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு கையில் போன், மறு கையில் இன்ஹேலர்.

ஜெரூஷா தலை நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். கைகள் மடியைவிட்டு அசையவில்லை.

“நான் சொல்ல மாட்டேன், பாஸ்டர்,” என்றாள்.