மரமணி

சரியெம் துணி மூட்டையோடு குளத்துக்கு இறங்கியபோது, நேற்று முழங்கால் அளவு தண்ணீர் நின்ற இடத்தில் வெறும் சேறுதான் இருந்தது. கெளுத்தி மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தன. குளத்தின் நடுவில் ஒரு துவாரம். குடத்தை இறக்கலாம், ஆள் இறங்க முடியாது, அவ்வளவு அகலம். மிச்சமிருந்த தண்ணீர் அதற்குள் போய்க்கொண்டிருந்தது, தாகத்தோடு வந்தவன் மூச்சுவிடாமல் குடிக்கிற சத்தத்தோடு. கடைசி வாயும் உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெகு ஆழத்தில், மரத்தில் மரம் தட்டுவதுபோல ஒரு சத்தம். டொக். நிறுத்தி, மறுபடி டொக், டொக். மூட்டை அவள் இடுப்பிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது.

அவளுக்குத் தெரிந்த சத்தம் அது. பார்த்தோ, அவள் புருஷன், பலா மரத்தில் கடைந்த மாட்டு மணி. வெள்ளைப் பசுவின் கழுத்தில் கிடந்ததை, கோடை முற்றிக் குளம் வறண்டதும் கழற்றித் தன் இடுப்பில் கட்டிக்கொள்வான். தேக்கந்தோப்புக்கு அப்பால் இருக்கும் பிலத்துக்குள், அந்தப் பாதாளக் குகைக்குள், கயிற்றில் இறங்கி, அடியில் ஓடும் ஆற்றில் தண்ணீர் மொண்டு வருவது அவன் வேலை. உள்ளே இருட்டு, கூப்பிட்டால் குரல் பாறைகளில் சிதறி எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. மணிச் சத்தம் மட்டும் நேராக மேலே வரும். மணி கேட்கிறவரை ஆள் ஏறிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். மணி கேட்கிறவரை மேலே இருப்பவன் கயிற்றை விடக் கூடாது.

மூன்று கோடைகளுக்கு முன்னால் ஒருநாள், எல்லோரும் போதும் என்ற பிறகும், "இன்னும் ஒரு கேன்" என்று மறுபடி இறங்கினான். இங்கே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வடக்கே எந்த மலையிலோ பெய்த மழை அடியாற்றில் வெள்ளமாக வந்துவிட்டது. கயிற்றின் மேல்முனையைப் பிடித்திருந்தவன் பார்த்தோவின் தம்பி கியோனோ. இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது. வெளியூரிலிருந்து மீட்பு ஆட்கள் வந்து தேடினார்கள். ஒரு ரப்பர் செருப்பு கிடைத்தது. செருப்பைப் புதைக்க சரியெம் சம்மதிக்கவில்லை. அதனால் ஊர் இடுகாட்டில் பார்த்தோவுக்கு இடமில்லை. கல்லறைகளில் மலர் தூவப் போகிற நாட்களில் மற்றவர்கள் கூடையோடு கிளம்பும்போது அவள் மாட்டுக்குப் புல்லறுக்கப் போய்விடுவாள்.

மதியத்துக்குள் ஊரே குளத்தங்கரையில் கூடிவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. போன வருஷம் குளத்தை ஆழமாக்க இயந்திரம் வந்தபோது எல்லோரும்தான் கைதட்டினார்கள். அடியில் இருந்த கறுப்புக் களியை வாரி வெளியே கொட்டினார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று மாடுகளையும் குளத்தில் இறக்கக் கூடாது என்றார்கள். காலங்காலமாக மாடுகள் மிதித்து மிதித்து இறுக்கிய அந்தக் களிதான் பாறையின் வாயை அடைத்திருந்தது என்பது இப்போது, வாய் திறந்த பிறகு, எல்லோருக்கும் புரிந்தது.

"பெருமழைக்கு முன்னாடி அடைச்சாகணும்," என்றார் குக்கிராமத் தலைவர் சுகிமான். "கல்லு, வைக்கோல், மேல களிமண்ணு. அப்புறம் மாடு விட்டு மிதிக்கணும். இல்லேன்னா வர்ற கோடைக்கு லாரித் தண்ணிக்குக் காசு கட்டவே நம்ம மாடெல்லாம் சந்தைக்குப் போயிடும்."

"எங்க மாடு ஒரு வருஷமா குளத்தையே பாத்ததில்ல தலைவரே. சேத்தப் பாத்தா மாப்பிள்ளை மாதிரி ஒதுங்கி நிக்கும்," என்றாள் பக்கத்து வீட்டு துமினி. "சரியெம் அக்காவோட வெள்ளப்பசு முன்னாடி போனாத்தான் மத்ததும் போகும். எங்க வீட்டு ஆம்பளைங்களப் போல, எவனாவது போனாப் பின்னாடியே போறது."

சிரிப்பு எழுந்து அடங்கியது. எல்லோரும் சரியெமைப் பார்த்தார்கள்.

"ரெண்டு நாள் பொறுங்க," என்றாள் அவள்.

"வானம் பொறுக்குமா அக்கா?"

"உள்ள மணி கேக்குது."

 துமினி தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். சுகிமான் துவாரத்தைப் பார்த்தார். ஆனால் குனிந்து கேட்டுப் பார்க்கவில்லை. "சரி, நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும்," என்றார் மெதுவாக. "தெக்க கடல் பக்கம் பாரும்மா, எப்படிக் கறுத்துக் கெடக்குன்னு."

மறுநாள் சரியெம் மரவள்ளிப் புட்டும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட காப்பியும் கொண்டுபோய்த் துவாரத்தின் ஓரம் வைத்தாள். சத்தம் இருந்தது. ஒரு சமயம் பக்கத்தில் வந்தது. நாலு தட்டு சேர்ந்து கேட்டது. பிறகு சறுக்கியதுபோலத் தடதடவென்று தொலைவுக்குப் போயிற்று. மறுபடி முதலிலிருந்து. கால் வைக்க இடம் தேடி, வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த கால். அவளுடைய உடம்பும் அதனோடு ஏறிக்கொண்டிருந்தது. பசித்தது தெரியவில்லை.

கியோனோ வந்து கொஞ்ச தூரத்தில் நின்றான். அண்ணன் போன பிறகு அவன் பிலத்தின் பக்கம் போனதே இல்லை. தோளில் பழைய கயிற்றுச் சுருள் இருந்தது. கையில் சிறிய பிளாஸ்டிக் கேன். அதன் மூடி நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கேக்குதா தம்பி?"

அவன் மண்டியிட்டுக் காதை வைத்தான். முகம் வெளுத்துப்போயிற்று. "பாறையில தண்ணி சொட்டுது அண்ணி."

"சொட்டுற தண்ணி நின்னு மூச்சு வாங்குமா?"

"அண்ணி..."

"அப்புறம் எதுக்குடா கயித்தக் கொண்டாந்த?"

அவன் கேனைக் கயிற்றின் நுனியில் கட்டி உள்ளே இறக்கினான். கயிறு போய்க்கொண்டே இருந்தது. சுருள் தீர்ந்து, கடைசி முழத்தை அவன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். சரியெம் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டாள். மேகம் மலைகளின் மேல் ஒவ்வொன்றாகக் கவிந்தது. மணி ஏறியது, பக்கத்தில் வந்தது, நின்றது. இந்த முறை சறுக்கவில்லை. கயிறு கனத்தது.

"இழு," என்றாள்.

இருவரும் இழுத்தார்கள். வெளியே வந்த கேன் நிறையத் தண்ணீர். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். மூடி இறுக்கித் திருகப்பட்டிருந்தது.

கியோனோ அதைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். "நான் மூடாம விட்டிருந்தேனே... இல்ல, மூடித்தான் விட்டேனோ. ஞாபகமில்ல அண்ணி."

"மூடி விட்டிருந்தா தண்ணி எப்படி உள்ள போச்சு?"

அவன் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டான். சரியெம் துவாரத்தில் காதை வைத்தாள். மணி இல்லை, காற்றின் சத்தம்கூட இல்லை. மடியிலிருந்த துணியால் கேனைத் துடைத்தாள். வேலையிலிருந்து திரும்பியவனின் முதுகைத் துடைப்பதுபோல, அவசரமில்லாமல்.

"கடைசிக் கேன் வந்துடுச்சு," என்றாள். "தலைவர்கிட்டப் போய்ச் சொல்லு. காலையில மாட்ட ஓட்டிட்டு வர்றேன்."

விடிந்ததும் ஆண்கள் கல்லையும் வைக்கோலையும் திணித்தார்கள். போன வருஷம் வெளியே கொட்டிய களியைப் பெண்கள் கூடை கூடையாகச் சுமந்து திரும்பக் கொண்டுவந்தார்கள். வெள்ளைப்பசு தயங்காமல் இறங்கியது. சரியெம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தலைக்கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தாள். மற்ற மாடுகள் முகர்ந்து பார்த்து, முக்காரமிட்டு, பின்னாலேயே வந்தன. சுற்றிச் சுற்றி வந்தார்கள். களி காலைக் கவ்வி, மெல்ல விட்டது. வாய் இருந்த இடம் எதுவென்று தெரியாமல் போகும்வரை மிதித்தார்கள். துமினி சேற்றில் விழுந்து எழுந்து, "கல்யாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு பூசல," என்றாள். கியோனோகூடச் சிரித்தான்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. அந்த மலை அறிந்த மழை, பாறைகளைப் புகையாக்கும் மழை. எல்லோரும் தங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு கரையேறி வாழை இலைக்கடியில் நின்று பார்த்தார்கள். குளத்தில் தண்ணீர் ஏறியது. ஏறிய தண்ணீர் வடியாமல் நின்றது. "பிடிச்சுக்கிச்சு!" என்று யாரோ கத்தினார்கள். கூச்சலிட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள்.

வெள்ளைப்பசு மட்டும் வெளியே வரவில்லை. குளத்தின் நடுவில், வயிறு நனையும் தண்ணீரில், தலையைச் சாய்த்து ஒரு காதைத் தாழ்த்தி நின்றுகொண்டிருந்தது. கரையில் நின்ற சரியெம் அதன் நீண்ட தலைக்கயிற்றை ஒருமுறை இழுத்தாள். அது அசையவில்லை.

"வாங்க அண்ணி, அது தானா வரும்," என்று கியோனோ மேட்டிலிருந்து கூப்பிட்டான்.

மழைச் சத்தத்துக்கு அடியில், தண்ணீருக்கு அடியில், களிக்கும் கல்லுக்கும் அடியில், டொக் என்றது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி.

"நீ போ தம்பி," என்றாள் சரியெம்.

கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கால்களை அகட்டி ஊன்றி நின்றாள். மழை அவள் கண்களில் இறங்கியது. துடைக்க ஒரு கையைக்கூட அவள் எடுக்கவில்லை.