சத்து ஊசி

மரத்துப்போகும் மருந்தை ஊசியில் உறிஞ்சிக்கொண்டே பல் டாக்டர் கேட்டார். "வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா?"

அவள் வாயில் இருந்த பஞ்சை விரலால் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள். மார்பில் புற்றுநோய்க் கட்டிக்கு ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு, தினம் மாத்திரை உண்டு, அப்புறம் மாசம் ஒரு தடவை எலும்புக்குச் சத்து ஊசி. மளிகைச் சாமான் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள். கடைவாய்ப் பல் ஒரு வாரமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கி எறிந்தால் போதும் என்றுதான் காலை வகுப்பை ரத்து செய்துவிட்டு வந்திருந்தாள்.

ஊசி பிடித்த கை அப்படியே நின்றது. டாக்டர் சின்ன வயசுப் பெண், முகத்தில் எதையும் மறைக்கத் தெரியவில்லை.

"சத்து ஊசின்னா? டிரிப்ஸா ஏத்தறாங்களா?"

"ஆமா. சின்ன பாட்டில். கால் மணி நேரம்."

"மருந்து பேரு?"

பெயர் தெரியவில்லை. அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். தன் பழைய காரில் எந்த நட்டு எந்தச் சாவிக்குத் திரும்பும் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. தன் நரம்பில் ஏறுகிற மருந்தின் பெயர் தெரியாது. ஆஸ்பத்திரி சமாச்சாரம் எல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். அவரைப் போனில் கூப்பிட்டு டாக்டரிடம் நீட்டினாள். ஈறைச் சோதித்ததில் கையுறையில் ரத்தம் ஒட்டியிருந்ததால் டாக்டர் போனைத் தட்டில் வைக்கச் சொல்லி, முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினார். இன்னொரு கை ஈறில் புதுப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் மருந்தின் பெயரைச் சரியாகச் சொன்னார், தேதியோடு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "டாக்டர், ஒரு விஷயம். எலும்புல பரவினது அவளுக்குத் தெரியாது. முதுகுல, இடுப்புல. தயவுசெஞ்சு பல்லை மட்டும் பாருங்க. வேற எதையும் வாய்விட்டுடாதீங்க."

அறையில் எச்சில் உறிஞ்சும் குழாய் மட்டும் கொரகொரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் பதறிப்போய் போனை அணைத்தார். அவள் மேலே இருந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையப் பஞ்சு. கத்தக்கூட முடியவில்லை.

பஞ்சை எடுத்ததும் முதலில் கேட்டது பல்லைப் பற்றித்தான். "இப்போ இதைப் பிடுங்கப் போறீங்களா இல்லையா?"

"இல்லைம்மா. இந்த ஊசி ஏறும்போது பல்லைப் பிடுங்கினா சில பேருக்குத் தாடை எலும்பு ஆறாது. புண்ணாவே நின்னுடும். ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பல்லைக் காட்டி எல்லாத்தையும் சரி பண்ணச் சொல்லியிருப்பாங்களே?"

"என்கிட்ட யாரும் சொல்லலை."

"வேரை மட்டும் சுத்தம் பண்ணி அடைச்சிடலாம். பல்லு அங்கேயே இருக்கட்டும். உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்கு ஆரம்பிக்கறேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

"நீங்க ஏன் மன்னிப்பு கேக்கறீங்க? மருந்து பேரைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது அழுகை இல்லை. காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. சாவு பயம் அப்புறம் வரும், அதற்கென்று நேரம் எடுத்துக்கொண்டு வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. இப்போது முன்னால் நின்றது கோபம். கழிந்த ஆறு மாசமும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து முகத்தில் அறைந்தன.

முதல் ஊசி போட்ட மறுநாள் உடம்பு முழுக்க அடித்துப் போட்டதுபோல் வலி, குளிர், காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. "ஊரெல்லாம் வைரஸ் சுத்துது" என்றார் வீட்டுக்காரர். காய்ச்சல் வரும் என்று அவரிடம் முன்பே சொல்லியிருப்பார்கள். அதனால்தான் மாத்திரையும் வெந்நீரும் தலைமாட்டில் முதல் நாளே தயாராக இருந்தன. அவளோ கூட உட்கார்ந்து ஓட்டிய பிள்ளைகளுக்கு வைரஸ் ஒட்டியிருக்குமோ என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விசாரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு நாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருந்தது, விரல் நுனியெல்லாம் மரத்தது. "நரம்புத் தளர்ச்சி, தூக்கம் பத்தலை" என்றார். கால்சியம் மாத்திரையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தார். அது வயிற்றைக் கட்டுகிறது என்று பாதி நாள் அவள் அதைக் குப்பையில்தான் போட்டாள். சத்து மாத்திரைதானே, போனால் போகிறது! எதற்கென்று ஒருத்தர் சொல்லியிருந்தால் விழுங்கித் தொலைத்திருக்க மாட்டாளா?

எல்லாவற்றையும்விட எரிந்தது வேறொன்று. தண்ணீர்க் கேனைக் கையிலிருந்து பிடுங்கி அவரே தூக்கினார். படியில் இறங்கும்போது தோளைப் பிடித்துக்கொண்டார். டயர் பஞ்சரானால், "நீ தொடாதே, நான் வரேன்" என்று வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு மனுஷனுக்குப் பாசம் சுரந்துவிட்டது என்று அவள் பூரித்துப்போயிருந்தாள். கார் கற்றுக்கொள்ள வரும் பெண்களிடம் பெருமையாகச் சொல்லவும் சொல்லியிருந்தாள். 'பிரேக் அக்கா' என்று அவளைக் கூப்பிடும் அந்தப் பெண்கள், "அக்காவுக்கு ரெண்டாவது ஹனிமூன்" என்று கிண்டல் செய்தார்கள். அவளும் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாள்! நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கி ஸ்டீயரிங்கைக் கையால் ஓங்கிக் குத்தினாள். ஹாரன் அலறியது. தெருவில் போன ஒருவர் துள்ளிக் குதித்து ஒதுங்கினார்.

வீட்டுக்காரருக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் வேலை. முன் அறையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அவள் உள்ளே வந்ததும் எழுந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையிலிருந்த திருப்புளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க" என்றாள்.

அவர் திருப்புளியை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"முதுகு வலின்னு ஸ்கேன் எடுத்தோமே... அப்போ."

"அன்னைக்கு நீங்க மட்டும் உள்ள போனீங்க. கூட்டமா இருக்கு, நீ உட்காருன்னீங்க. நானும் உட்கார்ந்தேன், மக்கு மாதிரி. எலும்புத் தேய்மானம்னு சொன்னீங்க. நம்பினேன்."

"நீ தாங்கமாட்டேன்னுதான்..."

"நான் தாங்கமாட்டேன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? லாரி எதிர்ல வரும்போது ஸ்டீயரிங்கை விட்டுட்டுக் கண்ணை மூடிக்கற ஆளுங்க பக்கத்துல தினம் உட்கார்றவ நான். என்னால தாங்க முடியாததுன்னு எதைப் பார்த்தீங்க?"

அவர் ஃப்ரிட்ஜின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. "எனக்குத்தான் தாங்கலை" என்றார்.

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அருகில் போய்த் தலையைத் தடவ வேண்டும் என்றும் கை துடித்தது. போகவில்லை. "அப்போ அதைச் சொல்லியிருக்கணும். எனக்குத் தாங்கலைன்னு சொல்லி என் மடியில படுத்து அழுதிருக்கணும். என் வியாதியை என்கிட்டேர்ந்து திருடி வெச்சுக்கிட்டு, நீங்க மட்டும் தனியா அழறீங்க. இது எந்த ஊர் நியாயம்?"

சட்டென்று மகள் நினைவு வந்தது. "பாப்பாவுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியூரில் படிக்கிற மகளுக்கும் தெரியும். போன முறை வந்திருந்தபோது அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாளே, பரீட்சை பயம் என்று. நன்றாகப் படி, ஃபெயிலானாலும் உலகம் முடிஞ்சிடாது என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாளே. அது நினைவுக்கு வந்த நிமிஷம்தான் அவள் அழுதாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. முன் அறையிலேயே, அவர் பார்க்கும்படியே, வாய்விட்டு அழுதாள்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளன்று, உள்ளே கூப்பிட்டதும் வீட்டுக்காரர் வழக்கம்போல் முன்னால் எழுந்தார். அவள் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, பிறகு என்ன நினைத்தாளோ, "வாங்க, ஆனா வாயைத் திறக்கக் கூடாது" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

பெரிய டாக்டர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி, "பிளட் டெஸ்ட் பார்த்தேன். கிட்னி நல்லா இருக்கு. கால்சியம்தான் இன்னும் கம்மி, மாத்திரையை ஒழுங்கா கொடுங்க" என்றார்.

"டாக்டர், உடம்பு இந்தப் பக்கம் இருக்கு."

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. வீட்டுக்காரர் மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரர் ரொம்பக் கேட்டுக்கிட்டாரும்மா. குடும்பத்துல இப்படிக் கேக்கறது சகஜம்தான்..."

"ஊசியை அவர் கையிலயா ஏத்துனீங்க?"

கதவருகே நின்ற நர்ஸ் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பல்லைக் காட்டச் சொல்லணும்னு உங்களுக்குத் தெரியும். ஏன்னு நான் கேப்பேன், அப்புறம் எல்லாத்தையும் சொல்லணும், அதனால விட்டுட்டீங்க. அந்தப் பல் டாக்டர் பொண்ணு மட்டும் மருந்து பேரைக் கேக்கலைன்னா என் தாடை என்ன ஆகியிருக்கும்? எனக்குப் பயம் வரக் கூடாதுன்னு என் தாடையைப் பணயம் வெச்சிருக்கீங்க. நான் கார் கத்துக்கொடுக்கறவ டாக்டர். வளைவு வர்றதுக்கு முன்னாடியே வளைவு வருதுன்னு சொல்றதுதான் என் பொழப்பு. வண்டி பள்ளத்துல விழுந்தப்புறம், பயப்படுவீங்கன்னு சொல்லலைன்னு நான் சொன்னா என்னைச் செருப்பால அடிப்பாங்க."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நாற்காலியை அவள் பக்கம் நன்றாகத் திருப்பினார். "தப்புதான். கேளுங்க" என்றார்.

அவள் கேட்டாள். ஒன்றொன்றாக, கூச்சமே இல்லாமல். இந்த ஊசி வியாதியைக் குணப்படுத்துமா? இல்லை, அதற்கு மற்ற மாத்திரைகள். அவையும் முழுசாகக் குணமாக்காது, அடக்கி வைக்கும். இந்த ஊசி எலும்பு அரிக்கப்படுவதைக் குறைக்கும், முறியாமல் காக்கும், வலியையும் தணிக்கும். உதட்டில் எறும்பு ஊர்ந்தால்? கால்சியம் இறங்குகிறது, உடனே சொல்ல வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். தொடையில் புதிதாக வலி வந்தாலும், தாடை வலித்தாலும், பல் ஆடினாலும் சொல்ல வேண்டும். கார் ஓட்டலாமா? வலியை மறைக்க மாத்திரை போட்டுத் தூக்கம் வராத வரைக்கும் ஓட்டலாம். டயர் கழற்றக் கூடாது. கனமாக எதையும் தூக்கக் கூடாது.

"எவ்வளவு காலம்?" என்றாள் கடைசியில். ஊசியைத்தான் கேட்கிறாள் என்பதுபோலவும் இருந்தது, இல்லை என்பதுபோலவும் இருந்தது.

"திட்டமாச் சொல்ல முடியாதும்மா. வருஷக்கணக்குல நல்லா இருக்கறவங்க இருக்காங்க. இல்லாதவங்களும் இருக்காங்க. கால்சியம் ஏறட்டும், பல் வேலையும் முடியட்டும். அதுக்கப்புறம் அடுத்த ஊசி."

அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் அது அவளிடம், அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லப்பட்டது. வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கைப்பையை வாங்கக் கையை நீட்டினார். "இது கனமில்லை" என்று அவளே மாட்டிக்கொண்டாள்.

வேரைச் சுத்தம் செய்து, பல்லை அடைத்து, கால்சியத்தை ஒரு வேளை விடாமல் விழுங்கி, ரத்தத்தில் அது ஏறியதும் மறுபடி ஊசி நாள் வந்தது. நீளமான அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். அவளுக்குப் பாட்டிலை மாட்டிவிட்டு நர்ஸ் நகர்ந்தாள். வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் வீட்டில் அவர்கள் நிறையச் சண்டை போட்டார்கள். கொஞ்ச நாள் பேசாமல் இருந்த மகளிடம் அவள் மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள், ஆனால் பழையபடி இல்லை.

பக்கத்து நாற்காலியில் புதிதாக ஒரு அம்மாள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு மகன் பக்கத்தில் நின்றார்.

"ஒண்ணுமில்லைம்மா, குளுக்கோஸ் மாதிரிதான். வீக்கா இருக்கீங்கல்ல" என்று கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் காது மடல் சூடாகியது. வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பாமலே தரையைப் பார்த்தார். 'நமக்கென்ன வந்தது' என்று கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள்ளும் அந்தக் குரல் கேட்டது. திறந்துவிட்டாள்.

"முதல் தடவையாம்மா?"

"ஆமாம்மா" என்றாள் அந்த அம்மாள். பேச ஆள் கிடைத்ததில் முகம் மலர்ந்தது.

"நாளைக்கு லேசா காய்ச்சல் வரலாம், உடம்பு வலிக்கும். ரெண்டு மூணு நாள்ல போயிடும், பயப்படாதீங்க. இன்னைக்கு நிறையத் தண்ணி குடிங்க. உதடு கிதடு மரத்த மாதிரி இருந்தா உடனே சொல்லிடுங்க. பல்லு காட்டியாச்சா?"

"பல்லா? எதுக்கு?"

மகன் சட்டென்று நடுவில் வந்து நின்றார். அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உதட்டசைவில், கெஞ்சுகிற கண்ணோடு, 'வேண்டாம் மேடம், ப்ளீஸ்' என்றார். அச்சு அசல் அதே கண். ஃப்ரிட்ஜின் மேல் சாய்ந்து குலுங்கிய மனுஷனின் கண். அவளுக்கு அந்த ஆளை அறையலாம் போலவும் இருந்தது, பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம் போலவும் இருந்தது.

"ஏன்ப்பா மறைச்சுக்கிட்டு நிக்கறே, தள்ளு" என்றாள் அந்த அம்மாள். தலையை எட்டி நீட்டி அவளிடம் கேட்டாள். "இது எதுக்கு ஏத்தறாங்கம்மா? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. ஆனா உங்க பையனுக்கும் தெரியும். அவரு சொல்லுவாரு."

அந்த அம்மாள் மகனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கழுத்து அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினார். அந்த அம்மாள் ஊசி குத்தாத கையால், சுவரோரம் கிடந்த ஸ்டூலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அது தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு வந்து அவர் காலருகே நின்றது.

அவர் இன்னும் உட்காரவில்லை.