வெட்டுப்பட்ட ‘ள்’

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இலக்கிய ஆர்வத்தில் பிறந்தது என்றுதான் முதலில் எழுதினேன். படித்துப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். அன்புச்செல்வி எழுதியது ஒரே ஒரு கதை. பக்கத்திலுள்ள வல்லத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து திண்டிவனத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிற பெண். அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டுவந்த கதையை என் டிடிபி கடையில் நான்தான் அடித்துக் கொடுத்தேன். மூன்றாவது பக்கம் அடிக்கும்போதே வயிறு எரிய ஆரம்பித்தது. அத்தனை நன்றாக இருந்தது.

2

2014 ஜூலையில், கருமேகம் திரண்ட ஒரு மாலையில்

(வேண்டாம். மேகமெல்லாம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.)

விழுப்புரத்துப் பதிப்பாளர் ஒருவர் மாவட்டத்து ஆட்களின் கதைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தார். என் கதையும் உண்டு, அவளுடையதும் உண்டு. அவரவர் கதையை பிடிஎஃப் ஆக அனுப்ப வேண்டும். அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுவார். ஒரே நிபந்தனை, பக்கம் புத்தக அளவில் இருக்க வேண்டும், சுற்றிலும் வெள்ளை இருக்கக் கூடாது.

இந்த வெள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேர்டில் அடித்ததை அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் பெரிய ஏ4 தாளின் நடுவில் எழுத்தும், நாலு பக்கமும் வெறும் வெள்ளையுமாக வரும். அதைப் போக்க இரண்டு வழி. ஒழுங்கான வழி, வேர்டிலேயே தாளின் அளவை மாற்றி, ஓரங்களைக் குறைத்து, ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்துவிட்டு பிடிஎஃப் எடுப்பது. சோம்பேறி வழி, எடுத்த பிறகு மவுஸால் ஒரு கட்டம் இழுத்து, வெளியே இருப்பதை வெட்டிவிடுவது.

என் கதைக்கு ஒழுங்கான வழி. அரை நாள் ஆனது. அவள் கதைக்கு என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா?

3

அவள் கதையில் சவுரியம்மாள் என்ற பெண் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். பத்து வயது மகள் நாலு நாள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் ஒரே வரிதான்:

விடிவதற்குள் நனைந்த புடவையோடு சவுரியம்மாள் வந்தாள்.

அந்தப் பக்கத்தில் கட்டம் இழுக்கும்போது என் கை தவறியது.

என் கையைத் தவறவிட்டேன்.

(இரண்டு வாக்கியத்தையும் விட்டுவைக்கிறேன். எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை.)

‘ள்’ளும் முற்றுப்புள்ளியும் கட்டத்துக்கு வெளியே போய்விட்டன. ‘சவுரியம்மாள் வந்தா’ என்று நின்றது. அதைப் பார்த்தேன் என்பது மட்டும் நிச்சயம். பார்த்துவிட்டுத்தான் சேவ் கொடுத்தேன்.*

* எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘வந்தா’ என்றால் வந்தாள் என்றும் பொருள், வந்தால் என்றும் பொருள். இது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

4

விழுப்புரத்தில் வெளியீட்டு விழா. பேச வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் அந்த ‘வந்தா’வைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார். வந்தாளா, வந்தால் என்ற ஏக்கமா, வாசலில் உட்கார்ந்த மகளோடு நம்மையும் உட்கார வைத்துவிட்டார் இந்தப் பெண் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. என் கதையைப் பற்றி, அச்சு சுத்தமாக இருக்கிறது என்றார்.

அந்தக் கைதட்டல் என்னுடையது. எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்காக வெட்டினாய் என்று கேட்பார்கள். நானும் தட்டினேன்.

5

இங்கே கதையை முடித்திருந்தால் அளவாக இருந்திருக்கும். ஆனால் இன்று மதியம் அன்புச்செல்வி கடைக்கு வந்துவிட்டாள். புத்தகம் இரண்டாம் பதிப்பு போகிறதாம். திருத்தம் இருந்தால் இன்றைக்குள் புது பிடிஎஃப் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

“நான் வந்தாள்னுதாண்ணா எழுதனேன். கம்ப்யூட்டர் தின்னுடுச்சி போல,” என்றாள்.

நான் தலையாட்டினேன்.

விழாவன்றே கவனித்தாளாம். எல்லோரும் பாராட்டுகிறார்களே என்று வாயை மூடிக்கொண்டாளாம். அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள். சவுரியம்மாள் அவளுடைய அம்மா. பெயரைக்கூட மாற்றவில்லை. அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது.

“பக்கத்து வூட்டு ஜெயம் அக்காதான் படிச்சிக் காட்னாங்க. கடைசி வரியக் கேட்டுட்டு அம்மா, ‘வந்தா-ன்னா? அப்ப நான் வரலியாடி?’ன்னு கேக்குதுண்ணா. மூணு நாளா அதையே கேட்டுக்கினு இருக்குது.”

பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்தாள்.

“ஆனா எல்லாரும் அதாண்ணா நல்லா இருக்குதுன்றாங்க. எனக்கும் ஆசயா இருக்குது. நீங்க எழுதறவரு. ள்ளு போட்டுடலாமா, வேணாவா?”

6

முடிவு ஒன்று: போடச் சொல்கிறேன். அதுதான் நியாயம், அந்த அம்மாள் வீடு வந்து சேர்வாள். கூடவே பேராசிரியர் பேசிய கால் மணி நேரமும் காற்றில் போகும், என் வயிறு குளிரும்.

முடிவு இரண்டு: வேண்டாம் என்கிறேன். அன்புச்செல்வியின் பெயர் நிற்கும். அந்த முடிவு நான் போட்டது என்று எனக்குள்ளேயே பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அம்மாள் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

முடிவு மூன்று: வெட்டியது நான்தான் என்று

(இந்த வாக்கியத்தை நாலு முறை ஆரம்பித்துவிட்டேன்.)

நல்லவன் சொல்கிற பதிலும் பொறாமைக்காரன் சொல்கிற பதிலும் ஒன்றாகவே இருந்தால், சொன்னது எவன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவள் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கிறாள். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் அவளுக்கு. நீங்கள் சொல்லுங்கள், அப்படியே செய்கிறேன். யாரைப் பார்த்தும் வயிறு எரிந்ததே இல்லை என்பவர்கள் மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். அவர்களுக்கு இது சுலபம்.