கொசுறாக வந்த சிரிப்பு

நெற்குப்பை சிவரஞ்சனி ஆச்சிக்கு நிழல் கிடையாது. ஊரில் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. பேச்செல்லாம் அவருடைய சிரிப்பைப் பற்றித்தான்; அது அவர் ஓரகத்தி அனுசுயாவுடையது.

பாகம் பிரித்தபோது பெரிய வீட்டின் மேற்குப் பாதி மூத்தவர் தண்டாயுதபாணிக்கும் அவர் மனைவி சிவரஞ்சனிக்கும், கிழக்குப் பாதி தம்பிக்கும் தம்பி மனைவி அனுசுயாவுக்கும் வந்தது. இரண்டு பாதியிலும் அதே தேக்குத் தூண், விருந்தினர் தங்க அதே வாடகை. ஆனாலும் சுற்றுலா வந்தவர்கள் கிழக்குக்கே போனார்கள். சிவரஞ்சனி ஏசி மாட்டினார், வெந்நீர் வசதி செய்தார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மாலையானால் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அனுசுயா சிரிப்பார், விருந்தினரும் சேர்ந்து சிரிப்பார்கள். இந்தப் பக்கம் சிவரஞ்சனிக்குச் சோறு இறங்காது. சில வருடங்கள் இப்படியே போயின.

ஓர் ஐப்பசியில் பழைய சாமான் வாங்குகிற வேஷத்தில் பிசாசு வந்தது. அது வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. கால் தரையில் படாததால், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று அது வாசலில் தயங்கியது. கிழக்குக்குப் போகும் விருந்தினர் எல்லாரும் மேற்குக்கு வரவேண்டும் என்றார் சிவரஞ்சனி. பிசாசு அவர் கண்பார்வையை விலையாகக் கேட்டது. பித்தளைக் குடத்துக்கு விலை பேசுவதுபோல சிவரஞ்சனி அசராமல் பேசி, காது, தூக்கம் என்று இறக்கி, கடைசியில் நிழலில் கொண்டுவந்து நிறுத்தினார். பிசாசுக்கு வியர்த்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் காய் வாங்கினால் கறிவேப்பிலை கேட்டுப் பழகிய வாய்.

"கொசுறு என்ன தருவ?"

"எங்க தொழில்ல அதெல்லாம் பழக்கமில்ல ஆச்சி."

"அப்ப நிழலும் இல்ல. நடையக் கட்டு."

"கோவிச்சுக்கிறாதீக. என்ன வேணும்?"

சிவரஞ்சனி யோசிக்கவே இல்லை. நடுச்சுவரைக் காட்டி, "அவ சிரிப்பு" என்றார்.

மறுவாரம் மேற்குப் பாதி நிறைந்தது. கிழக்கில் கதவைச் சாத்திவிட்டார்கள். சிவரஞ்சனி சிரித்தால் அனுசுயாவின் சிரிப்பு வந்தது, விருந்தினர் மயங்கினார்கள். தண்டாயுதபாணி மட்டும், மனைவி சிரிக்கும்போதெல்லாம் முகம் மலர்ந்து நடுச்சுவரின் பக்கம் திரும்பினார். கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்காக அப்படி மலராத முகம். சிவரஞ்சனிக்குத் தன் வாயின்மேலேயே வயிறு எரிந்தது. காரைக்குடிச் சந்தையில் பிசாசைத் தேடிப் பிடித்து, சிரிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"வித்ததக் கேட்டாக்கூட யோசிக்கலாம் ஆச்சி. கொசுறத் திருப்பி வாங்குனா சந்தையில என்னயப் பாத்துச் சிரிப்பாக" என்று சொல்லிவிட்டு அது போய்விட்டது.

பங்குனியில் ஒரு மத்தியானம் அனுசுயா வந்து எதிரே உட்கார்ந்தார். "ஆச்சி, ஒரு தடவ சிரிங்க. எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு."

சிவரஞ்சனி சிரித்தார். உள்ளறையில் தண்டாயுதபாணி செய்தித்தாளைக் கீழே வைக்கும் சத்தம் இருவருக்கும் கேட்டது.

"நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார் அனுசுயா.

"ஆமாடி" என்று சொல்லிவிட்டு, சிவரஞ்சனி காபி போட எழுந்தார்.