மத்தியான வண்டி

"எடுத்துடலாமா அண்ணி?" என்று ராமராஜன் மறுபடியும் வந்து கேட்டபோது, செல்லியம்மாள் ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே தனசேகரன் நெற்றியில் ஒட்டிய காசோடு படுத்திருந்தார்.

"மத்தியான வண்டி வரட்டும்பா. மாகறல்காரங்க அதுலதான் வருவாங்க. அவங்க மொகத்தக் காட்டாம எப்படி எடுக்கறது?"

ராமராஜன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வாசலுக்குப் போனான். தனசேகரன் ஓட்டிய மாகறல் டவுன் பஸ்ஸில் அவன்தான் கண்டக்டர். செல்லியம்மாளின் மகள் திரிஷா சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

நேற்று விடியற்காலையில் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்தார். திரிஷா ஆட்டோ பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மா மாகறலுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் அவளுக்குத் தெரியும். தினமும் சாப்பிடும்போது, "இன்னிக்கு வண்டில யாருயாரு வந்தாங்க?" என்று கேட்பாள். அப்பா சொல்வார். கீரைக் கூடைக்காரி பூவம்மாள், கோயில் மடப்பள்ளிக்காரர், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர். கையைக் காட்டினால் வரப்பு ஓரத்திலும் வண்டியை நிறுத்துவார். ஓடி வருகிறவர்களுக்காக எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருப்பார்.

போன வருஷம் பஸ்ஸுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். எங்கே நின்றது, எவ்வளவு நேரம் சும்மா உறுமியது, பிரேக்கை எவ்வளவு வேகமாக மிதித்தார்கள், எவ்வளவு டீசல் குடித்தது, எல்லாம் அதிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். டிரைவர்களுக்கு மார்க் போட்டு, போட்டோவோடு டிப்போ சுவரில் ஒட்டினார்கள். தனசேகரன் கடைசியில் இருந்தார். கடைசியில் இருப்பவர்களை வெளியூர் டிப்போவுக்குத் தூக்கிப் போடுவதாகப் பேச்சு. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் ஸ்டாப்பிங் தவிர வேறெங்கும் வண்டி நிற்கவில்லை.

இன்று காலை மாலையோடு வந்த மேனேஜர் திரிஷாவின் தலையைத் தொட்டுவிட்டுச் சொன்னார்: "டீசல் மிச்சம் புடிக்கறதுல உங்கப்பாதான்மா நம்ம டிப்போல மொத ஆளு."

பந்தல் காலைப் பிடித்தபடி நின்றிருந்த ராமராஜனிடம் திரிஷா சொம்பை நீட்டினாள். "இன்னா சித்தப்பா, எதையோ முழுங்கறீங்க?"

அவன் குடிக்கவில்லை. "மத்தியான வண்டியே இல்லம்மா. அத நிறுத்தி ஒரு மாசமாவுது."

"தெனமும் டூட்டிக்குப் போனாரே?"

"காலைலயும் சாயந்தரமும் ஓட்டுவாரு. மத்தியானம் டிப்போ பின்னாடி ரெஸ்ட் ரூம்ல செவுத்தப் பாத்துப் படுத்துக்கினு இருப்பாரு. வீட்ல சொல்லாதடான்னாரு."

"ஏன் நிறுத்தினாங்க?"

"ஆளே ஏர்றதில்லன்னு கம்ப்யூட்டர் சொல்லுதாம். நடுவுல நிறுத்தினாதானேம்மா ஆள் ஏறும்? நிறுத்தினா மார்க் போவுது. நிறுத்தாம ஓட்டினாரு, மார்க் வந்துச்சு. ஜனம் ஷேர் ஆட்டோவுக்குப் போயிடுச்சு. கடசில வண்டியே போயிடுச்சு." அவன் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுச் சொம்பைத் திருப்பித் தந்தான். "நானும்தான் நிறுத்துன்னு விசில் அடிக்கல."

திரிஷா உள்ளே திரும்பிப் பார்த்தாள். அம்மா தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. காலிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். யாரையும் பார்க்காமல் நேராகப் பெட்டியின் கால்மாட்டில் போய் நின்றாள். அழவில்லை.

"நல்லா பட்டப்பகல்ல கைய காட்டினேன்," என்றாள் பெட்டியைப் பார்த்து. "கொட்டற மழைல கூடையோட நின்னுக்கினு காட்டினேன். என்னப் பாத்தியேய்யா. பாத்துக்கினே போனியே. தெரியாதவனா இருந்தா போறான்னு வுட்டிருப்பேன்."

உட்கார்ந்திருந்த பெண்கள் திகைத்தார்கள். ஒருத்தி, "ஏம்மா, எழவு வீட்ல வந்து இன்னா பேசற?" என்று எழுந்தாள். செல்லியம்மாள் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னாள். செல்லியம்மாள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"நீ பூவம்மாதானே? வாம்மா. உன் மருமவளுக்குக் கொழந்த பொறந்துடுச்சா? நாள் நெருங்கிடுச்சு, வண்டில ஏறவே கஷ்டப்படுதுன்னு போன வாரம்கூடச் சொன்னாரு."

பூவம்மாள் புரியாமல் பார்த்தாள். "எந்த மருமவ? என் புள்ளைக்கு இன்னும் கண்ணாலமே ஆவலியே."

"இல்லம்மா, மத்தியான வண்டில தெனம் உங்கூட வருதுன்னு..."

"எந்த வண்டி? அதான் நிறுத்திட்டாங்களே. நான் உங்க வீட்டுக்காரர் வண்டில ஏறியே மாசக்கணக்காவுது."

செல்லியம்மாள் ராமராஜனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மகளைப் பார்த்தாள். திரிஷாவும் குனிந்துகொண்டாள். ஒரு மாதமாக அப்பா சாப்பிட்டபடி சொன்ன கதைகளெல்லாம் திரிஷாவுக்கு ஞாபகம் வந்தன. மடப்பள்ளிக்காரர் தவறவிட்ட செருப்பு. ஆஸ்பத்திரிக் கிழவர் டிக்கெட்டுக்காகப் போட்ட சண்டை. அம்மா சிரித்த சிரிப்பு.

செல்லியம்மாள் பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"எடுங்க," என்றாள் செல்லியம்மாள்.

பறை அதிர்ந்தது. பெட்டியைத் திறந்தார்கள். மேனேஜர் வைத்த மாலை பெரிதாக இருந்ததால் பாடையில் ஏற்றும்போது காலில் சிக்கியது. யாரோ அதை இழுத்துத் தெருவில் போட்டார்கள். தெருமுனை வரை பெண்கள் போனார்கள். செல்லியம்மாள் போகவில்லை. ஐஸ் பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

வீடு கழுவ வேண்டும். திரிஷா குழாயடியிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து கொட்டினாள். வேலை செய்கிற பட்டுக் கடையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

நிமிர்ந்தபோது பூவம்மாள் கூடையை வாசலில் கவிழ்த்துவைத்துவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு நின்றாள். மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்தாள். செல்லியம்மாள் காலை மட்டும் நகர்த்தி இடம் விட்டாள். உதிர்ந்த பூவும் அரிசியும் கலந்த தண்ணீரைப் பூவம்மாள் வாசல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள்.